எட்டடி மீன்தொட்டி: ப்ளைவுட்டா, கண்ணாடியா, செங்கல்லா?

சென்னை கொளத்தூர் கடைகளில் சில்வர் அரோவானா மீன் விரல் நீளத்தில் விற்கிறது. நன்றாகத் தீனி போட்டால் ஒரே வருடத்தில் ஒன்றரை அடிக்கு வந்துவிடும். முழு வளர்ச்சியில் இரண்டரை, மூன்று அடி. ரெட் டெயில் கெளுத்தி இதற்கும் மேல், நான்கு அடி வரை போகும். பாலித்தீன் பையில் கட்டி வாங்கி வரும் நாளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நாலடித் தொட்டியில் மீன் திரும்புவதற்கு உடம்பை வளைக்க ஆரம்பித்த பிறகுதான் "பெரிசா ஒரு டேங்க் கட்டிடலாமா" என்ற பேச்சே வரும். கண்ணாடிக் கடையில் விலை கேட்டதும் மூச்சு நிற்கும். அன்று இரவே யூடியூபில் ஒரு அமெரிக்கர் தன் கார் ஷெட்டில் ப்ளைவுட் பெட்டி ஒன்றை அடித்து, உள்ளே எபாக்சி (இரண்டு பாகம் கலந்ததும் இறுகும் பிசின்) பூசி, முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் நிரப்பிக் காட்டுவார்.

அந்த வீடியோக்கள் பொய் சொல்வதில்லை. ப்ளைவுட் தொட்டி உண்மையிலேயே நிற்கும், ஒழுங்காகக் கட்டினால் பல வருடம் நிற்கும். ஆனால் அவர்கள் ப்ளைவுட்டைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களில் பாதி நம் ஊருக்குப் பொருந்தாது. அங்கே குளிர்காலத்தில் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மரப்பலகை கண்ணாடியைவிடப் பல மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் கரன்ட் பில் குறையும். சென்னையில் நிலைமை தலைகீழ். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 31, 32 டிகிரியில் நிற்கும்போது நமக்கு வேண்டியது சூடு வெளியே போக வழி. பலகைப் பெட்டி மோட்டாரின் சூட்டையும் சேர்த்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடுத்தது கூலி. அங்கே ஆள் வைத்துக் கண்ணாடித் தொட்டி ஒட்டுவது பெரிய செலவு, தச்சு வேலையோ வீட்டுக்காரரே செய்துகொள்வது. இங்கே கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் தொட்டி ஒட்டுபவர்கள் கண்ணாடியை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நல்ல தச்சர் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆகவே, வாங்கிய வீடியோ அறிவை ஓரமாக வைத்துவிட்டு நம் ஊர்க் கணக்கைப் போடலாம். பேச்சுக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 அடி, அகலம் 3 அடி, உயரம் இரண்டரை அடி. அகலத்தைக் கூட்டியிருப்பது வேண்டுமென்றேதான். பெரிய மீனுக்கு நீளம் எவ்வளவு இருந்தாலும், திரும்ப அகலம் இல்லாவிட்டால் அது சிறைதான். இந்த அளவில் விளிம்புவரை நிரப்பினால் 1,700 லிட்டர், மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் 1,500 லிட்டருக்குச் சற்று மேல்.

முதலில் தரை

எந்தப் பொருளில் கட்டினாலும் தண்ணீரின் எடை மாறாது. ஒரு சதுர மீட்டரில் இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 760 கிலோ. நம் வீடுகளின் தளத்தை வடிவமைக்கும்போது ஆள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொள்ளும் நகரும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். இந்தியத் தர விதி 875 சொல்வது அதுவே. அதாவது தொட்டி நிற்கும் இடத்தில் தளம் எதிர்பார்த்ததைப்போல நாலு மடங்கு சுமை. தளம் உடனே இடிந்து விழுந்துவிடாது. சுவரை ஒட்டி, பீம் மேல் நீளவாக்கில் வைத்தால் பல வீடுகள் தாங்கும். ஆனால் "தாங்கும்" என்று வீட்டின் வரைபடத்தைப் பார்த்த ஒரு பொறியாளர் சொல்ல வேண்டும், தொட்டி விற்பவர் சொல்லக் கூடாது. பால்கனியில் வைக்கும் யோசனை இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரைத்தளம், கீழே மண் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் மொசைக் பழசாகி ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் வேறு கதை. எட்டடி நீளத்தில் ஒரு மூலை கால் அங்குலம் இறங்கினாலே கண்ணாடித் தொட்டிக்கு ஆபத்து.

கண்ணாடி

முழுக் கண்ணாடித் தொட்டியின் பலம், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருப்பது. ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரை இறக்கி, பழைய சிலிக்கான் பசையைப் பிளேடால் சுரண்டி, மறுபடி ஒட்டலாம். அலுத்துப் போனால் விற்கவும் முடியும். பழைய பெரிய தொட்டிக்கு எப்போதும் ஒரு ஆள் கிடைப்பார். நாலு பக்கமும் தெரியும்.

சிக்கல் தடிமனில். நீளம் எவ்வளவு என்பதைவிட உயரம் எவ்வளவு என்பதுதான் கண்ணாடியின் தடிமனைத் தீர்மானிக்கிறது. இரண்டரை அடி உயரத்தில் முன்கண்ணாடி மீது மட்டும் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய 700 கிலோ. தொட்டி கட்டுபவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் வழக்கமான கணக்கு, 3.8 மடங்கு பாதுகாப்பு வைத்து, மேல் விளிம்பில் பட்டை எதுவும் இல்லாவிட்டால் 18 மி.மீ. என்று வருகிறது. கடைச் சரக்கில் அது 19 மி.மீ. இங்கே பலர் 12 மி.மீ. போட்டு ஒட்டிவிடுகிறார்கள், நிற்கவும் செய்கிறது. அதே கணக்கில் பட்டையில்லாத 12 மி.மீ. கண்ணாடியின் பாதுகாப்பு 1.7 மடங்குதான். சுற்றிலும் மேல்பட்டையும் நடுவில் ஓரிரண்டு குறுக்குக் கண்ணாடியும் வைத்தால் நிலைமை தேறும். அப்போதும் நான் 15 மி.மீ.க்குக் கீழே இறங்க மாட்டேன். குழந்தை விளையாடும் கிரிக்கெட் பந்து எந்தக் கணக்கிலும் வராது.

19 மி.மீ. கண்ணாடி என்றால் மொத்தத் தொட்டி 350 கிலோ. முன்கண்ணாடி மட்டும் 88 கிலோ, அடிக்கண்ணாடி நூறைத் தாண்டும். தொட்டி ஒட்டும் ஒருவரிடம் இந்த அளவைச் சொன்னபோது அவர் சிலிக்கானைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒட்டுறதுல ஒண்ணும் இல்ல சார். மாடிப்படியில திருப்பத்துல எட்டடியைத் திருப்பணும் பாருங்க, அங்கதான் இருக்கு வேலை" என்றார். ஈரமான சிலிக்கான் வரிசை மேல் 88 கிலோ பலகையை நேராக இறக்கி, ஒரு மில்லிமீட்டர்கூட நழுவவிடாமல் பிடித்திருக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் ஒரே பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டும்.

பட்டை, தெர்மோகோல் அடிவிரிப்பு, சமமான ஸ்டாண்டு மூன்றும் சரியாக இருந்தால், இரண்டு அடி உயரம், இரண்டு அல்லது இரண்டரை அடி அகலம் வரையில் கண்ணாடியை அடிக்க ஆளில்லை. ஆறடித் தொட்டி கட்ட ப்ளைவுட் பக்கம் போகிறவர் பணத்தையும் மிச்சம் பிடிப்பதில்லை, நேரத்தையும் மிச்சம் பிடிப்பதில்லை. அகலம் மூன்று, உயரம் இரண்டரை என்று தாண்டும்போதுதான் கண்ணாடி செலவிலும் எடையிலும் முரண்டு பிடிக்கிறது.

டஃபன் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடி போட்டால் மெல்லியதே போதுமே என்று கேட்பார்கள். பலம் நாலு மடங்கு வரை அதிகம், உண்மை. ஆனால் அதை வாங்கிய பின் வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது. ஓரத்தில் ஒரு அடி பட்டால் விரிசல் விடாது, மொத்தமும் ஒரு நொடியில் சர்க்கரைக் கட்டிகளாகக் கொட்டும். 1,500 லிட்டர் ஹாலில். சாதாக் கண்ணாடி பெரும்பாலும் கீறல் விட்டு, கசிந்து, வாளியைத் தேட நமக்கு நேரம் கொடுக்கும்.

செங்கல்

சொந்த வீடு, தரைத்தளம், தொட்டி இனி நகராது என்ற மூன்றும் இருந்தால் மற்றதைப் படிக்க வேண்டியதில்லை. கொத்தனாரைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரிந்த ஆட்களிலேயே அதிகம் பேர் கொத்தனார்கள்தான். கலர் மீன் பண்ணை வைத்திருப்பவர்கள் சிமெண்ட் தொட்டியை நம்புவதும் அதனால்தான். கரையான் தின்னாது, ஊறி உப்பாது, வெயிலில் நின்றாலும் கவலையில்லை.

ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி, மேலே ஒரு காங்கிரீட் பெல்ட் ஓட்டி, முன்பக்கம் ஜன்னல் விட்டு, உள்ளிருந்து கண்ணாடியை வைத்து ஒட்டுவார்கள். இல்லையென்றால் கம்பி கட்டி நாலைந்து அங்குலக் காங்கிரீட் சுவர். செங்கல் சுவரில் இடம் அதிகம் போகும். உள்ளே எட்டுக்கு மூன்று வேண்டுமானால் வெளியளவு ஒன்பதரைக்கு நாலரை. சுவரின் எடையே ஏறக்குறைய இரண்டு டன், அதனால் மாடிக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

புதுச் சிமெண்ட் தண்ணீரைக் காரமாக்கிவிடும், பிஎச் 9, 10 என்று ஏறும். மீன் பண்ணைக்காரர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுவார்கள். ஊறவைத்த பிறகு பிஎச் சோதனை செய்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றும் எண் ஏறவில்லை என்று பார்த்து மீனை விடலாம். இந்த ஊறவைக்கும் வேலை வேண்டாம் என்றால் சிமெண்ட் நன்றாகக் காய்ந்த பின், அதாவது 28 நாள் கழித்து, எபாக்சி பூசிவிடலாம். குழாய்க்கு வழி எங்கே என்பதைக் கட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். வடிகட்டியை மாற்றும் யோசனை ஆறு மாதம் கழித்து வந்தால் சுவரைக் குடைய வேண்டியதுதான்.

வாடகை வீட்டுக்காரருக்கு இது கிடையாது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ப்ளைவுட்

இப்போது விஷயத்துக்கு வரலாம். மேலே சொன்ன அளவுக்கு 8-க்கு 4 ஷீட் மூன்று போதும், 19 மி.மீ. ஒரு ஷீட் நாற்பது கிலோவுக்கு அருகில் வரும். கண்ணாடி முன்னால் மட்டும். முன்பக்கப் பலகைச் சட்டத்தின் உள்ளளவு 7 அடிக்கு 2 அடி, நாலு பக்கமும் கண்ணாடி இரண்டு அங்குலம் சட்டத்தின் மேல் படிய வேண்டும். நாலு விளிம்பிலும் தாங்கல் இருப்பதால் 15 மி.மீ. கண்ணாடிக்கே அந்த 3.8 மடங்கு பாதுகாப்பு கிடைத்துவிடும். எடை 60 கிலோ. மொத்தத் தொட்டியும் கண்ணாடித் தொட்டியில் பாதி எடைதான் வரும், அதையும் துண்டு துண்டாக மாடிக்கு ஏற்றி அங்கேயே பூட்டலாம். குறுகலான மாடிப்படி இருக்கும் வீட்டில் இது ஒன்றே போதும் ப்ளைவுட்டைத் தேர்ந்தெடுக்க.

இன்னொரு நல்ல அம்சத்தைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளுகிறது, சிலிக்கான் அதை இழுத்துப் பிடிக்கிறது. எல்லாப் பொறுப்பும் அந்தப் பசை மேல். ப்ளைவுட் தொட்டியில் கண்ணாடி சட்டத்தின் உள்பக்கம் உட்காருகிறது. தண்ணீர் தள்ளத் தள்ள அது சட்டத்தோடு இன்னும் இறுகும். சிலிக்கான் வெறும் வாஷர் வேலை பார்த்தால் போதும். கண்ணாடியைப் பிடிக்கும் அளவுக்கு எபாக்சியைச் சிலிக்கான் பிடிக்காது என்பதால் இந்த அமைப்பு தற்செயலாக அமைந்ததல்ல. கண்ணாடியை வெளியிலிருந்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சிலிக்கானிலும் குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு வகை வேண்டாம், அந்த மருந்து மீனுக்கு ஆகாது.

பலகை வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. இந்தியத் தர விதி ஐஎஸ் 303-இல் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் வகை) என்று விற்பது சமையலறை அலமாரிக்கு. தொட்டிக்கு ஐஎஸ் 710, அதாவது மரைன் ப்ளைவுட், கடைக்காரர் பாஷையில் செவன்-டென். முதல் வகையின் பசை எட்டு மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும், 710-இன் பசை 72 மணி நேரம். ஆனால் 710 என்பதும் பசைக்கான உத்தரவாதம்தான், தண்ணீரில் நிற்கும் பலகைக்கு இல்லை. பசை விடாது, மரம் ஊறும். மேலும் அதில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள். அது தண்ணீரில் கலந்தால் இறால், நத்தையில் தொடங்கி எல்லாம் போகும். ஆக, தண்ணீருக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய பூச்சுதான் உண்மையான தொட்டி. பலகை அதற்கு முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே.

இந்த இடத்தில்தான் ப்ளைவுட் மற்ற இரண்டிலிருந்தும் பிரிகிறது. கண்ணாடி ஒழுகினால் சொட்டும். சிமெண்ட் ஒழுகினால் வெளிச்சுவரில் உப்புப் பூக்கும். ப்ளைவுட் ஒழுகினால் ஒன்றும் தெரியாது. ஊசிமுனை அளவு ஓட்டை வழியாகப் போகும் தண்ணீரைப் பலகையே குடித்துக்கொள்ளும். நடு அடுக்கு வழியாகப் பக்கவாட்டில் பரவும். பலகை உப்பும், உப்பினால் மேலே உள்ள பூச்சு விரியும், புதிதாக இன்னும் ஓட்டைகள் விழும். வெளியே ஈரம் தெரிகிற அன்று உள்ளே ஒரு அடி தூரத்துக்கு மரம் மெத்தென்று ஆகியிருக்கும். அதைக் காயவைத்துப் பழுதுபார்ப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கொடுமை. அதனால் ப்ளைவுட்டின் மலிவு, பூச்சு வேலை முதல் தடவையிலேயே சரியாக அமைந்தால் மட்டும்தான் மலிவு.

பூச்சில் இரண்டு வழி. ஒன்று எபாக்சியை மட்டும் மூன்று நான்கு கோட் பூசுவது. இன்னொன்று ஃபைபர், அதாவது கண்ணாடியிழைப் பாயை விரித்து ரெசின் (இறுகும் பிசின்) ஊற்றி உருளையால் அழுத்தி ஒரு தோலையே உருவாக்குவது. எபாக்சி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எட்டடிப் பலகை தண்ணீர் ஏறி இறங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வெறும் எபாக்சி அந்த வளைவை மூலைகளில் தாங்காது. குறைந்தது எல்லா மூலைகளிலும் மூட்டுகளிலும் கண்ணாடியிழைத் துணி ஓட வேண்டும் என்பது என் கட்சி.

ஃபைபர் வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். காசிமேட்டில் படகு பழுது பார்ப்பவர்கள் தினமும் செய்வது இதுதான். கன்னியாகுமரிக் கடற்கரையில் மரைன் ப்ளைவுட்டிலேயே வள்ளம் கட்டிக் கடலுக்குப் போயிருக்கிறார்கள், எனவே மரமும் ரெசினும் சேர்ந்து தண்ணீரைத் தாங்குமா என்ற சந்தேகம் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும். வள்ளத்தைக் கரையேற்றினால் காயும். தொட்டிக்கு அந்த ஓய்வு ஒருநாளும் கிடையாது.

படகுக்காரர்கள் வழக்கமாகக் கொண்டு வருவது பாலியெஸ்டர் ரெசின். விலை குறைவு, சீக்கிரம் இறுகும், ஆனால் மரத்தைப் பிடிப்பதில் எபாக்சிக்கு ஈடில்லை, அதில் உள்ள ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் நாற்றம் வாரக்கணக்கில் போகாது. மரத்தின் மேல் முதலில் எபாக்சி, அதன் மேலும் எபாக்சியிலேயே இழை என்பது செலவு கூடிய வழி, நான் அதைத்தான் சொல்வேன். பாலியெஸ்டரே போதும் என்றால் பலமுறை தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டு, கொட்டி, நாற்றம் அடியோடு போன பிறகே மீன். அந்த வேலையை நீங்களே செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் கேட்டலிஸ்ட், ஆக்சிலரேட்டர் என்று இரண்டு சிறு பாட்டில்கள் வரும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் மற்றது.

எபாக்சி வாங்கும்போது பெயின்ட் கடைக்காரர் தரைக்குப் பூசுவதைக் காட்டுவார். கரைப்பான் கலக்காதது, குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை மட்டும் கேளுங்கள். கட்டட வேதிப்பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

அப்புறம் சென்னைக் காற்று. டப்பாவில் கலக்கிய பின் 40 நிமிடம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 25 டிகிரிக்கான கணக்கு. பத்து டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும். மே மாத மதியத்தில் ஒரு லிட்டரை வாளியில் கலக்கி வைத்தால், இரண்டாவது மூலைக்குப் போவதற்குள் வாளி கையைச் சுடும், புகையும், கல்லாகிவிடும். அரை லிட்டருக்கு மேல் கலக்காமல், கலக்கியதும் அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் சூடு பரவிப் போகும்.

மழைக்காலத்தில் தொல்லை வேறு மாதிரி. ராத்திரி பூசிய கோட் மறுநாள் காலையில் பளபளவென்று அழகாக இருக்கும். விரலால் தடவினால் மெழுகு பூசியதுபோல வழுக்கும். காற்றின் ஈரம் எபாக்சியின் கடினமாக்கியோடு சேர்ந்து மேலே படியவைக்கும் ஏடு அது. அதன் மேல் அடுத்த கோட்டைப் பூசினால் பிடிக்காது, ஒரு வருடம் கழித்துத் தோலாக உரியும். வெதுவெதுப்பான தண்ணீரும் பச்சை நார்த் தேய்ப்பானும் வைத்துக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு மங்கலாக்கிவிட்டே அடுத்த கோட். உப்புத்தாளை முதலில் போட்டால் அந்த ஏட்டை உள்ளே தேய்த்து விடுவீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளைகள் இந்த வேலைக்கு என்றே செய்ததுபோல இருக்கும்.

மூலைகளைக் கூராக விடக் கூடாது. எபாக்சியில் டால்க் பவுடரைக் கலந்து பட்டிபோல் ஆக்கி, பழைய ஸ்பூனின் முதுகால் இழுத்தால் வளைந்த மூலை கிடைக்கும், இழைத் துணி அதில் மடங்காமல் படியும். ஸ்க்ரூத் தலைகளையும் அதே பட்டியால் அடைத்துவிடலாம். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகு. பலகைகளைச் சேர்க்கச் சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம். கோட்களுக்கு நிறம் மாற்றுங்கள், ஒன்று வெள்ளை என்றால் அடுத்தது கறுப்பு. விட்டுப்போன இடம் தானாகக் காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஒரு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஊசி ஓட்டைகள் புள்ளி புள்ளியாக நிழலிடும்.

குழாய்க்கு ஓட்டை போடுவது ப்ளைவுட்டில் சுலபம், நினைத்த இடத்தில் போடலாம். அதிகம் ஒழுகுவதும் அங்கேதான். ஓட்டையின் உள்வட்டம் முழுக்க பலகையின் அடுக்குகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், அதற்கும் மூன்று கோட் வேண்டும். பூச்சு வேலைக்கு முன்பே எல்லா ஓட்டைகளையும் போட்டுவிட வேண்டும். பிறகு ஞாபகம் வந்து துளைத்த ஒரு ஓட்டை, செய்த அத்தனை வேலையையும் கெடுக்கப் போதும்.

19 மி.மீ. பலகை தானாக எட்டடிக்கு நிற்காது, நடுவில் வயிறு தள்ளும். மேல் விளிம்பைச் சுற்றி இரட்டைப் பலகை, நடுவில் முன்னும் பின்னும் இணைக்கும் குறுக்குப் பட்டை கட்டாயம். வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் சதுர இரும்புக் குழாயில் வெளியே ஒரு கூடு செய்து, பெட்டியை அதற்குள் இறக்கிவிடுவது இன்னும் நிம்மதி. ஸ்டாண்டும் அதே கூட்டின் தொடர்ச்சியாகிவிடும், தரையிலிருந்து எழும்பி நிற்பதால் கரையானும் எட்டாது. எட்டினாலும் மண் வரி கண்ணில் படும்.

மற்றவை

அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் பலகைக்குக் கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு, சுலபத்தில் உடையாது. பெரிய பொது மீன்காட்சியகங்கள் அதில்தான் கட்டுகின்றன. வீட்டுக்கு அந்தத் தடிமனில் வாங்குவது கட்டுப்படியாகாது, பாசி துடைக்கும் பஞ்சில் ஒரு மணல் இருந்தால் போதும், நிரந்தரக் கோடு விழும். ப்ளைவுட் தொட்டியின் ஜன்னலுக்கு மட்டும் அக்ரிலிக் என்றால் சிலிக்கான் அதைச் சரியாகப் பிடிக்காது. விட்டுவிடலாம்.

பார்க்க ஜன்னலே வேண்டாம், மேலிருந்து பார்த்தால் போதும் என்பவருக்கு ஒரு மரச்சட்டத்தில் குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பைப் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் மலிவு. திருக்கை வளர்ப்பவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும், அந்த மீனை மேலிருந்து பார்ப்பதுதான் அழகு.

யாருக்கு எது

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் போன்ற நடுத்தர மீன்களோடு நிற்பவருக்கு ஆறடி, இரண்டடி உயரக் கண்ணாடி போதும். ப்ளைவுட் பற்றி யோசிக்கவே தேவையில்லை. சொந்தத் தரைத்தளம் இருந்து, தொட்டியை நகர்த்தும் எண்ணம் இல்லாதவருக்குச் செங்கல். மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு ரெட் டெயில் கெளுத்தி வைத்திருப்பவருக்கு எந்தத் தொட்டியும் சரிவராது. பெரிய இடம் உள்ள யாருக்காவது அதைக் கொடுத்துவிடலாம். தயவுசெய்து ஏரியில் விட வேண்டாம்.

மிச்சமிருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். மூன்றடி அகலம் கட்டாயம் வேண்டும், தளம் தாங்கும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார், வீடு மாறினால் தொட்டியும் கூட வர வேண்டும், அல்லது படிக்கட்டில் கண்ணாடி ஏறாது, தொட்டி சுவரோரம் நிற்பதால் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும், ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டார் அல்லது பூச்சு வேலையைப் பொறுமையாகத் தாமே செய்வார். இத்தனையும் ஒத்துவந்தால் ப்ளைவுட்டைவிட நல்ல வழி கிடையாது. இதில் ஒன்று இரண்டு இடறினால் 15 அல்லது 19 மி.மீ. கண்ணாடியின் விலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடுவது மேல்.

ப்ளைவுட் என்று முடிவாகிவிட்டால் கடையில் ஷீட்டின் முகத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, ஒரு அடுக்கு மற்றதன் மேல் ஏறியிருந்தாலோ அந்த ஷீட் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு 710 என்ற எண்ணும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் பலகை மேலேயே அச்சாகியிருக்க வேண்டும், பில்லிலும் 710 என்று எழுதி வாங்குங்கள். வெட்டும் கூலியைக் கொடுத்து அங்கேயே பேனல் ரம்பத்தில் அளவாக வெட்டிக்கொண்டால், மூலை சரியாக நிற்பதற்குப் பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும். கட்டி முடித்ததும் வாசலில் வைத்து, மாடியிலேயே பூட்டியிருந்தால் அங்கேயே, ஒரு வாரம் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். உள்ளே கொண்டுபோவதும் மீனை விடுவதும் அதற்குப் பிறகு.